ஆப்பிள் தோட்டத்து மண்ணில் பள்ளிக்கூடம்

நேயர்களுக்கு வணக்கம்.

பழக்கடையில் பளபளவென்று அடுக்கி வைத்திருக்கும் சிவப்பு ஆப்பிள்களில் ‘வாஷிங்டன்’ என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் தலைநகருக்கும் அந்த ஸ்டிக்கருக்கும் சம்பந்தமில்லை. வடமேற்கு மூலையில், பசிபிக் கடல் பக்கம் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தின் பெயர் அது. அந்த மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் வெனாச்சி என்றொரு ஊர். தெற்கே தள்ளி யாக்கிமா பள்ளத்தாக்கு. இரண்டுமே மழை குறைந்த சீமை. 1903-இல் ஹைலைன் கால்வாய் வந்த பிறகு வெனாச்சியில் ஆப்பிள் தோட்டங்கள் பெருகின. ‘உலகின் ஆப்பிள் தலைநகரம்’ என்று தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்த ஊர் வளர்ந்தது.

ஆப்பிளைப் பற்றிப் பயம் வேண்டாம், தாராளமாகச் சாப்பிடலாம். நான் பேச வந்தது பழைய ஆப்பிள் தோட்டங்களின் மேல் பிற்பாடு எழும்பிய பள்ளிக்கூடங்களின் மண்ணைப் பற்றி.

காட்லிங் அந்து என்று ஒரு பூச்சி உண்டு. அதன் புழு காயைத் துளைத்து உள்ளே போய் விதையைத் தின்னும். உள்ளே போய்விட்டால் எந்த மருந்தும் அதை எட்டாது. தோலில் முதல் கடி கடிக்கும்போதே நஞ்சு அதன் வயிற்றுக்குள் போயாக வேண்டும். 1892-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வேறொரு அந்துப்பூச்சியை ஒழிப்பதற்காகத் தயாரித்த லெட் ஆர்சனேட் இந்த வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஈயமும் ஆர்சனிக்கும், அதாவது நம் சித்த வைத்தியர்கள் பாஷாணம் என்று சொல்லும் வகையும், சேர்ந்த வெள்ளைப் பொடி அது. அதற்கு முன்னால் அடித்துவந்த ‘பாரிஸ் பச்சை’ இலையைக் கருக்கியது. இது கருக்கவில்லை. தண்ணீரில் எளிதில் கரையாது, இலையில் பசை போட்டாற்போல் ஒட்டிக்கொள்ளும், தூறலுக்கெல்லாம் போகாது. நல்ல மருந்துக்கு வேறென்ன வேண்டும்? இன்றைய தலைவலிக்குக் காரணமும் இதே குணங்கள்தான்.

பூவிதழ் உதிர்ந்ததும் முதல் தெளிப்பு. பிறகு காய் பெருக்கப் பெருக்க அடுத்தடுத்த தெளிப்புகள். பூச்சி மெல்ல மெல்ல இந்த நஞ்சுக்குப் பழகிக்கொண்டது. உடனே தெளிப்பின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். 1920-களில் இங்கிலாந்து அதிகாரிகள் அமெரிக்க ஆப்பிளின் தோலில் ஆர்சனிக் இருக்கிறது என்று புகார் கிளப்ப, பழத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி அனுப்பத் தொடங்கினார்கள். பழத்தில் இருந்தது போயிற்று. மரத்தடியில் சொட்டியது அங்கேயே கிடந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து டிடிடி வந்ததும் விவசாயிகள் லெட் ஆர்சனேட்டைக் கைவிட்டார்கள். அமெரிக்க அரசு அதை முறைப்படி தடை செய்தது 1988-இல். அதற்குள் அது வழக்கொழிந்து நாற்பது வருஷம் ஆகிவிட்டது.

ஆனால் மண்ணுக்கு வழக்கொழிதல் கிடையாது. டிடிடியே பிடிவாதக்காரப் பொருள்தான். ஆனாலும் அது ஒரு கரிமச் சேர்மம், பல பத்தாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். ஈயமும் ஆர்சனிக்கும் தனிமங்கள். அவை சிதைந்து வேறொன்றாக ஆவதில்லை. களிமண்ணோடும் இரும்புத் துகளோடும் ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் மேல் 30, 45 சென்டிமீட்டர் மண்ணிலேயே தங்கிவிடுகின்றன.

போருக்குப் பின் ஊர் பெருத்தது. கட்டடம் கட்ட எந்த நிலம் தோது? மேடு பள்ளமில்லாத, வாய்க்கால் வசதியும் பாதையும் உள்ள தோட்ட நிலம்தான். மரத்தை வெட்டி வீடு கட்டினார்கள், பள்ளிக்கூடமும் கட்டினார்கள். யாரும் மண்ணைச் சோதிக்கவில்லை, சோதிக்க வேண்டும் என்ற நினைப்பே அந்தக் காலத்தில் இல்லை. மாநில அரசு அமைத்த பணிக்குழு ஒன்று 2003-இல், வாஷிங்டனில் இப்படிப் பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய பழத்தோட்ட நிலம் சுமார் 1,87,000 ஏக்கர் வரை இருக்கலாம் என்று கணக்குப் போட்டது. அத்தனையையும் சுத்தம் செய்ய யாராலும் முடியாது. அதனால் குழந்தைகள் விளையாடும் இடங்களை முதலில் பார்ப்போம் என்று முடிவானது. மாநிலச் சூழலியல் துறை பள்ளி மைதானங்களில் வேலையை ஆரம்பித்தது.

ஏன் குழந்தைகள்? இந்த மண்ணை மிதித்தால் ஒன்றும் ஆகாது. தோல் வழியாக உடம்பில் ஏறுவது சொற்பம். கையில் ஒட்டிய மண் வாய்க்குள் போவதுதான் வழி. சின்னக் குழந்தை நாளெல்லாம் கையை வாயில் வைக்கும், அதன் குடல் ஈயத்தைப் பெரியவர்களைவிட அதிகமாக உறிஞ்சும், மூளை வளர்கிற வயது வேறு. ஆர்சனிக்கின் கெடுதல் மெதுவானது. பல வருஷம் உள்ளே போனால் தோல், சிறுநீர்ப்பை, நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டும். அந்த மாநிலத்தின் பொதுவான துப்புரவு அளவு, ஒரு கிலோ மண்ணில் ஈயம் 250 மில்லிகிராம், ஆர்சனிக் 20 மில்லிகிராம். ஆர்சனிக் எந்த மண்ணிலும் இயற்கையாகவே கொஞ்சம் இருக்கும் என்பதால் அந்த 20-ஐப் பூஜ்யம் வரை இறக்க முடியாது.

அளப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மண்ணில் வைத்து அழுத்தினால் ஒரு நிமிஷத்தில் உலோக அளவைக் காட்டும் எக்ஸ்ரே துப்பாக்கி ஒன்று உண்டு. மைதானம் முழுவதும் கட்டம் போட்டு அளக்க வசதியான கருவி. ஆனால் ஈயமும் ஆர்சனிக்கும் உமிழும் முக்கியமான எக்ஸ்ரே கோடுகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுகின்றன. ஈயம் அதிகமாக இருந்தால் ஆர்சனிக் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். உலகத்தில் எத்தனையோ தனிமங்கள் இருக்க, இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து மருந்து செய்து வைத்திருக்கிறார்கள்! ஆகவே கருவியின் எண்ணை மட்டும் நம்பாமல் ஒரு பகுதி மாதிரிகளை ஆய்வகத்துக்கும் அனுப்பித்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, கெட்ட மண் எங்கே என்று தெரிந்துவிட்டது. என்ன செய்வது? தோண்டி எடுத்துக் குப்பைக் கிடங்குக்கு அனுப்பலாம். மேலே துணி விரித்துப் புது மண் போட்டு மூடலாம். அல்லது ஆழமாகக் கிளறிக் கலந்துவிடலாம். வாஷிங்டன் பள்ளிகளில் இந்த மூன்றாவது முறையையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். கேட்டவுடன் கோபம் வரும். சாம்பாரில் உப்புக் கூடினால் தண்ணீர் விளாவுகிற கதையா இது என்று தோன்றும். நீர்த்துப்போகச் செய்வது தீர்வாகாது என்பதுதானே சுற்றுச்சூழல் படிப்பின் முதல் பாடம்? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மேல் 30 சென்டிமீட்டரில் ஆர்சனிக் 60 என்றும், அடுத்த 90 சென்டிமீட்டரில் 6 என்றும் வைத்துக்கொள்வோம். நான்கு பங்கையும் நன்றாகக் கலந்தால் சராசரி 19.5. வரம்புக்குள் வந்துவிட்டது, மயிரிழையில். மேல் மண்ணில் 60-க்குப் பதில் 100 இருந்தால் சராசரி 29.5. கலந்து பயனில்லை, தோண்டி எடுக்கத்தான் வேண்டும். ஆக, இந்த முறை எல்லா மைதானத்துக்கும் பொருந்தாது. நச்சு மேலாகவும், அடிமண் சுத்தமாகவும், அளவு மிதமாகவும் உள்ள இடத்துக்கே பொருந்தும்.

அப்படிப்பட்ட இடத்தில் நான் கலப்பதன் பக்கம்தான் நிற்பேன். தோண்டி எடுப்பது சுத்தமான வழியாகத் தெரிகிறது. ஆனால் அந்த மண் நூற்றுக்கணக்கான லாரிகளில் ஊர் வழியாகப் போக வேண்டும். பதிலுக்குப் போட வேறெங்கோ யாருடைய வயலிலிருந்தோ மேல்மண்ணைச் சுரண்ட வேண்டும், அதையும் சோதிக்க வேண்டும். மூடுவது மலிவு, ஆனால் அது என்றென்றைக்கும் காவல் கேட்கும். இருபது வருஷம் கழித்து யாரோ கோல் கம்பம் நடக் குழி தோண்டுவார்கள், சொட்டுநீர்க் குழாய் பதிப்பார்கள், அடியில் இருப்பது மேலே வந்துவிடும். அதனால்தான் துணி கண்ணில் படும் நிறத்தில் இருந்தால் நல்லது. நிலப் பத்திரத்திலும் குறிப்பு எழுதி வைக்க வேண்டும். தோண்டுகிறவர் பத்திரம் படித்துவிட்டா தோண்டுவார் என்பது வேறு விஷயம்.

எந்த முறையானாலும் வேலைக்குக் கோடை விடுமுறைதான் தோது. காய்ந்த ஊர், காற்றும் அடிக்கும். தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் மண்ணைக் கிளற வேண்டும். தூசி பறக்கவிட்டால் மைதானத்தைச் சுத்தம் செய்து பக்கத்து வீட்டுத் திண்ணையை அழுக்காக்கிய கணக்கு.

புத்திசாலித்தனமான குறுக்கு வழி கிடையாதா என்று கேட்பீர்கள். ஈயம் கெடுத்த மண்ணில் பாஸ்பேட் உரம் போட்டால் ஈயம் கரையாத உப்பாக இறுகிக்கொள்ளும். இது பல இடங்களில் செய்கிற வைத்தியம்தான். ஆனால் பாஸ்பேட்டும் ஆர்சனேட்டும் வேதியியலில் அண்ணன் தம்பி. மண் துகளில் ஆர்சனேட் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாஸ்பேட் பிடுங்கிக்கொண்டு அதை வெளியே தள்ளிவிடும். வெனாச்சியில் ஆய்வு செய்த வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் பெரியா 1990-களின் தொடக்கத்திலேயே இதைக் காட்டியிருக்கிறார். ஒன்றைக் கட்டப் போய் மற்றதை அவிழ்த்துவிட்டதாக முடியும்.

இன்னொன்று, பெரணி. டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணி ஆர்சனிக்கை இலையில் வாரிச் சேர்க்கும் என்று புளோரிடா ஆய்வாளர்கள் 2001-இல் கண்டுபிடித்தார்கள். நம் ஊர்ப் பழைய கிணற்றுச் சுவர்களிலும் சுண்ணாம்புக் காரை பெயர்ந்த மதில்களிலும் தானாக முளைக்கும் செடிதான் அது. நல்ல செய்தி, ஆனால் அது ஈயத்தைத் தொடாது. வெனாச்சியின் பனிக்காலத்தையும் தாங்காது. அறுத்த இலையை நச்சுக் கழிவாகத்தான் புதைக்க வேண்டும். வருஷக்கணக்கில் காத்திருக்க எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் பொறுமை இருக்காது.

கலிபோர்னியாக்காரர்கள் வேறு முனையில் பிடித்தார்கள். 2000 முதல், அரசுப் பணத்தில் புதுப் பள்ளி கட்டுவதென்றால் இடத்தின் பழைய வரலாற்றை மாநில நச்சுப்பொருள் துறை சரிபார்க்க வேண்டும். விவசாய நிலமாக இருந்திருந்தால் எங்கெங்கே, எத்தனை மாதிரி எடுப்பது என்பதற்குத் தனி வழிகாட்டியே இருக்கிறது. கட்டும் முன் செலவழித்தால் கொஞ்சம், கட்டிய பின் என்றால் எக்கச்சக்கம்.

பழைய பள்ளிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அப்படி ஒரு பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் என்னை உட்கார வைத்தால் துறையினரிடம் இரண்டு விஷயம் கேட்பேன். கிளறுவதற்கு முன் அடிமண்ணை எத்தனை ஆழம் வரை, எத்தனை இடத்தில் பார்த்தீர்கள்? கிளறிய பின் மாதிரி எடுக்கப்போவது யார், ஒப்பந்தக்காரரா, வேறு ஆளா? வேலை முடியும் வரை மைதானத்தில் புல்லை அடர்த்தியாக வளர்க்கலாம், காய்கறித் தோட்டத்தை வெளியிலிருந்து கொண்டுவந்த மண் நிரப்பிய உயரப் பாத்திக்கு மாற்றலாம், சாப்பாட்டு மணிக்கு முன் பிள்ளைகளைக் கை கழுவ வைக்கலாம். இதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை, நாளைக்கே தொடங்கலாம்.

நன்றி, வணக்கம்.