சந்தா ரசீதுக்கு அப்பால்

நேயர்களுக்கு வணக்கம்.

செவிலியர் சங்கம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஆண்டுச் சந்தா ரசீது, செவிலியர் தினமான மே 12 அன்று விளக்கேற்றி எடுக்கும் உறுதிமொழி, அப்புறம் ஒரு குழுப் புகைப்படம். "சேர்ந்திருக்கிறேன், அது என்ன செய்கிறது என்றுதான் தெரியவில்லை" என்று செவிலியர்களே சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தச் சலிப்பில் நியாயம் உண்டு. அதைப் பற்றியும் பேசத்தான் போகிறேன்.

முதலில் என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனை ஒரு செவிலியரைத் தேர்ந்த நிர்வாகியாக ஆக்கும். தலைவராக ஆவதற்கு அவருக்கு மருத்துவமனைக்கு வெளியே ஓர் இடம் வேண்டும். தொழில்சார் சங்கம்தான் அந்த இடம்.

ஏன் என்றால், வார்டில் நடக்கும் பேச்சு எல்லாமே மேலிருந்து கீழே வரும், அல்லது கீழிருந்து மேலே போகும். மருத்துவர் சொல்வதைக் குறித்துக்கொள்கிறோம், கண்காணிப்பாளருக்கு அறிக்கை தருகிறோம், உதவியாளரிடம் வேலை சொல்கிறோம். சமமானவர்களோடு உட்கார்ந்து வாதாடி, வாக்கெடுப்பில் தோற்று, அடுத்த மாதம் அதே விஷயத்தை இன்னும் நன்றாகத் தயாரித்துக்கொண்டு வருகிற அனுபவம் அங்கே கிடைக்காது. சங்கக் கூட்டத்தில் கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமே ஆன ஸ்டாஃப் நர்ஸ், ஒரு நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் கொண்டுவந்த தீர்மானத்தை எழுந்து நின்று எதிர்க்கலாம். அங்கே இருவருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டுத்தான். கூட்டக் குறிப்பு எழுதுவது, கணக்கைச் சரிபார்த்துக் காட்டுவது, கோபமாக வந்த உறுப்பினரைப் பேச விட்டுக் கேட்பது, அமைச்சகத்துக்கு ஒரே பக்கத்தில் மனு எழுதுவது எல்லாம் பார்க்கச் சில்லறை வேலைகள்தான். தலைமைப் பயிற்சி முகாமில் மூன்று நாள் ஸ்லைடு பார்ப்பதைவிட இந்தச் சில்லறை வேலைகள் அதிகம் கற்றுத்தரும் என்பது என் அபிப்பிராயம்.

கொஞ்சம் வரலாறு. லண்டனில் மெட்ரனாக, அதாவது மருத்துவமனைத் தலைமைச் செவிலியராக இருந்த எத்தல் பெட்ஃபோர்ட் ஃபென்விக், 1887-ல் பிரிட்டிஷ் செவிலியர் சங்கத்தைத் தொடங்கினார். முறையாகப் பயிற்சி பெற்றவரின் பெயர் அரசுப் பதிவேட்டில் ஏற வேண்டும் என்பது அவருடைய முக்கியமான கோரிக்கை. அதை எதிர்த்தவர் யார் தெரியுமா? ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். நல்ல குணத்தைத் தேர்வு வைத்து அளக்க முடியாது என்பது அந்த அம்மையாரின் வாதம். ஃபென்விக் விடவில்லை. 1899-ல் பல நாட்டுச் செவிலியர்களைச் சேர்த்து சர்வதேச செவிலியர் மன்றத்தையும் தொடங்கினார். அந்த ஆண்டு லண்டன் கூட்டத்துக்கு நியூசிலாந்திலிருந்து போயிருந்த கிரேஸ் நீல், ஊர் திரும்பிச் சட்டம் கொண்டுவரப் பாடுபட்டார். செவிலியருக்கென்றே தனிப் பதிவுச் சட்டம் நியூசிலாந்தில் 1901-லேயே வந்துவிட்டது. பிரிட்டனில் 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே பதிவேடு திறந்தபோது முதல் எண் ஃபென்விக்குக்குத்தான்.

தேசியச் சங்கத்துக்கும் சர்வதேச மன்றத்துக்கும் உள்ள உறவு இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. சொந்த நாட்டில் கதவு திறக்காதபோது, பக்கத்து நாட்டில் திறந்துவிட்டது என்று காட்டலாம். மன்றத்தில் இன்று 130-க்கும் மேற்பட்ட நாடுகளின் சங்கங்கள் இருக்கின்றன. இந்தியச் சங்கம் 1912-லேயே சேர்ந்துவிட்டது. செவிலியருக்கான நெறிமுறைக் கோவையை மன்றம் 1953-ல் ஏற்றுக்கொண்டது. இன்றுவரை அதைத் திருத்தித் திருத்தி வெளியிடுகிறார்கள். "இந்த உத்தரவு நோயாளிக்கு ஆபத்து, செய்ய மாட்டேன்" என்று தனியாக நின்று சொல்லும் செவிலியருக்கு, அது அவருடைய சொந்தப் பிடிவாதம் இல்லை, தொழிலின் நெறி என்று காட்ட ஓர் ஆவணம் கையில் இருக்கிறது.

தலைமை என்றால் என்ன என்று மாணவிகள் கேட்டால், நான் அமெரிக்கக் கறுப்பினச் செவிலியர் மேபல் ஸ்டாப்பர்ஸின் கதையைச் சொல்வேன். அமெரிக்கச் செவிலியர் சங்கத்தில் மாநிலச் சங்கங்கள் வழியாகத்தான் சேர முடியும் என்றிருந்த காலம். தெற்கு மாநிலங்கள் பலவற்றில் கறுப்பினச் செவிலியரைச் சேர்க்கவே இல்லை. அதனால் அவர்கள் 1908-ல் தங்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். ஸ்டாப்பர்ஸ் 1934-ல் அதன் நிர்வாகச் செயலாளரானார். இரண்டாம் உலகப் போர் வந்தது. ராணுவம் 1941-ல் கறுப்பினச் செவிலியர் 56 பேரை மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. அவர் பல வருடம் கடிதம் எழுதினார், பத்திரிகைக்காரர்களைப் பார்த்தார், வேறு அமைப்புகளின் ஆதரவைத் திரட்டினார், அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டைச் சந்தித்தார். 1945 ஜனவரியில், செவிலியர் போதவில்லை, கட்டாயமாக ஆளெடுக்க வேண்டும் என்று அரசு பேசத் தொடங்கியது. ராணுவத் தலைமை மருத்துவர் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில் ஸ்டாப்பர்ஸ் எழுந்தார். இவ்வளவு தட்டுப்பாடு என்றால், வரத் தயாராக இருக்கும் கறுப்பினச் செவிலியரை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார். செய்தி நாடெங்கும் பரவியது, தந்திகள் குவிந்தன, அந்த மாதமே ராணுவம் இறங்கி வந்தது.

கேள்வி ஒரு நிமிடத்துக் கேள்விதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் அவருக்கு ஒரு நாற்காலி கிடைத்ததும், மறுநாள் தந்தி அடிக்க ஆட்கள் இருந்ததும் சங்கத்தால். 1948-ல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் நேரடி உறுப்பினர் முறையைக் கொண்டுவந்து கதவைத் திறந்தது. 1951-ல் கறுப்பினச் செவிலியர் சங்கம் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. நோக்கம் நிறைவேறிய பிறகு பதவியோடு கடையையும் மூடுவது எல்லாராலும் முடிகிற காரியமா, சொல்லுங்கள்!

சமீப கால உதாரணம் ஒன்று. கோவிட் பரவியபோது எத்தனை செவிலியர் இறந்தார்கள் என்று உலகளவில் யாரும் முறையாகக் கணக்கு வைக்கவில்லை. சர்வதேச மன்றம் தன் உறுப்புச் சங்கங்களிடம் கேட்டுக் கேட்டுத் தொகுத்தது. 2020 அக்டோபரில், 44 நாடுகளில் மட்டும் 1,500 செவிலியர் இறந்திருக்கிறார்கள் என்று அறிவித்தது. அது உண்மையைவிடக் குறைவான எண் என்பதையும் சேர்த்தே சொன்னது. மறு ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மதிப்பீட்டில், 2021 மே வரை இறந்த சுகாதாரப் பணியாளர்கள் எல்லாரும் சேர்த்துச் சுமார் 1,15,000. அரசுகள் எண்ணாத இடத்தில் சங்கம் எண்ணத் தொடங்கியது. சங்கச் செயலாளர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகத் தொலைபேசியில் கேட்டுப் பெயர் சேர்ப்பதும் தலைமைப் பணிதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம், முடிவெடுக்கும் மேசையில் யார் உட்காருகிறார்கள் என்ற பழைய விவகாரம். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கைப்படி சுகாதாரப் பணியாளரில் 70 சதவீதம் பெண்கள், மூத்த பொறுப்புகளில் அவர்கள் 25 சதவீதம்தான். அந்த நிறுவனத்திலேயே தலைமைச் செவிலியர் பதவிக்கு 2017-ல் எலிசபெத் ஈரோ நியமிக்கப்பட்டதற்குப் பின்னால் செவிலியர் அமைப்புகளின் நீண்ட கால வலியுறுத்தல் இருந்தது.

சரி, சலிப்புக்கு வருவோம். சங்கம் எல்லாம் ஒரே குரலில் பேசுவதில்லை. தொழில் தரம், நெறி, கல்வி என்று பேசுகிறவர்கள் ஒரு பக்கம். சம்பளம், ஷிப்ட், ஆள் பற்றாக்குறை என்று பேசுகிற தொழிற்சங்கத்தார் மறுபக்கம். கலிஃபோர்னியாவில் இந்தப் பிணக்கு முற்றி, மாநிலச் சங்கம் 1995-ல் அமெரிக்கச் செவிலியர் சங்கத்திலிருந்து விலகியே போய்விட்டது. விலகியவர்கள்தான் ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளி என்று வரம்பு கட்டும் சட்டத்துக்காகப் போராடி 1999-ல் அதை நிறைவேற வைத்தார்கள். 2004-ல் நடைமுறைக்கு வந்தது. பொது வார்டில் ஒருவருக்கு ஆறு நோயாளி என்று தொடங்கி, அடுத்த ஆண்டு ஐந்தாக இறங்கியது. இதைப் பார்த்தால் தொழிற்சங்கமே போதும் என்று தோன்றும். ஆனால் எத்தனை பேர் இருந்தால் நோயாளிக்குப் பாதுகாப்பு என்று காட்ட ஆய்வும் தர அளவுகோலும் வேண்டும், அது தொழில்சார் அமைப்புகளின் வேலை. இரண்டு தரப்பும் ஒன்றை ஒன்று மட்டம் தட்டும் இடங்களில் லாபம் நிர்வாகத்துக்குத்தான் போகிறது.

இன்னொரு நோய், நாற்காலியை விடாத நிர்வாகிகள். ஒரே ஆட்கள் பத்து, பதினைந்து வருடம் மாறி மாறித் தலைவர், செயலாளர் என்று இருந்தால் இளையவர்கள் எட்டியும் பார்க்க மாட்டார்கள். பிறகு "இந்தத் தலைமுறைக்கு ஆர்வமே இல்லை" என்று அதே நிர்வாகிகள் வருத்தப்படுவார்கள்! மாநாட்டு மேடையில் மாலை மரியாதைக்கு இரண்டு மணி நேரம், பொதுக்குழு விவாதத்துக்குப் பதினைந்து நிமிடம் என்றால் அங்கே தலைவர் எப்படி உருவாவார்?

அதனால் சேருவதற்கு முன் சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒருவர் ஒரு பதவியில் எத்தனை முறை நிற்கலாம், கணக்கு எப்போது உறுப்பினர் முன் வைக்கப்படும், மாணவருக்கும் ஆண் செவிலியருக்கும் கிராமப்புற நிலையத்தில் வேலை செய்பவருக்கும் நிர்வாகக் குழுவில் இடம் உண்டா என்று பாருங்கள். சேர்ந்த பிறகு மேடையைக் கேட்காதீர்கள். ஏதாவது ஒரு துணைக்குழுவில், கல்வியோ பணிநிலையோ, குறிப்பு எழுதும் பொறுப்பைக் கேளுங்கள். பெரும்பாலும் உடனே கொடுத்துவிடுவார்கள், ஏனென்றால் அந்த வேலைக்கு யாரும் வருவதில்லை. யார் என்ன பேசினார், எது முடிவானது, எது கிடப்பில் போடப்பட்டது என்பதெல்லாம் ஒரு வருடத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும். அடுத்த பொதுக்குழுவில் கிடப்பில் கிடப்பது எது என்று எழுந்து கேட்க உங்களைத் தவிர வேறு ஆள் இருக்காது.

நன்றி, வணக்கம்.