ஷெட்டில் நிற்கும் காரும் பேட்டரி சார்ஜரும்

நேயர்களுக்கு வணக்கம். மார்த்தாண்டத்தில் 30 ஆண்டுகள் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை நடத்தியவன் நான். இப்போது பட்டறையை மகன் பார்த்துக்கொள்கிறான், போனில் வரும் கேள்விகள் மட்டும் என் பங்குக்கு வந்திருக்கின்றன. டிசம்பர் பிறந்துவிட்டால் அதில் பாதி ஒரே கேள்விதான். “அண்ணே, காரு செல்ஃப் எடுக்கல்ல. நல்ல சார்ஜர் ஒண்ணு வாங்கிப் போட்டா பேட்டரி பொழச்சிருமா?”

டிசம்பரில் ஏன் என்று உங்களுக்கே தெரியும். கருங்கல், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் எத்தனையோ வீடுகளில் காரின் சொந்தக்காரர் வளைகுடாவில் இருக்கிறார். கார் ஷெட்டில் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வந்து சாவியைத் திருப்பினால் டிக், டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். “ஓடவே இல்லையே, அப்புறம் எப்படி பேட்டரி போகும்?” என்று கேட்பார்கள்.

ஓடாததால்தான் போகிறது. சாவியை எடுத்துவிட்டாலும் கார் முழுதாகத் தூங்குவதில்லை. கடிகாரம், அலாரம், சென்ட்ரல் லாக், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு காருக்கு அது 25 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் கொள்ளும் மின்சாரத்தை ஆம்பியர் மணியில்தான் அளப்போம். அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 0.6 ஆம்பியர் மணி, ஒரு மாதத்துக்கு 18. சின்னக் காரில் இருப்பது 35 ஆம்பியர் மணி பேட்டரி. ஒரே மாதத்தில் பாதி காலி! இதோடு ஒப்பிட்டால் ஒருமுறை செல்ஃப் அடிக்க ஆவது ஒன்றுமே இல்லை. 150 ஆம்பியர் இழுத்தாலும் மூன்று விநாடிதானே, கணக்குப் போட்டால் 0.13 ஆம்பியர் மணிகூட வராது.

சில வீடுகளில் அப்பா தினமும் காலையில் காரை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பார். நல்ல மனசு. ஆனால் ஐடிலிங்கில், அதாவது நின்ற இடத்தில் எஞ்சின் மட்டும் ஓடும்போது, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் கொடுப்பது குறைவு. குறைந்த பேட்டரியில் முதல் பாதி சீக்கிரம் ஏறும், கடைசிப் பங்கு ஏற மணிக்கணக்கில் ஆகும். வாரத்துக்கு ஒருமுறை நாகர்கோவில் வரை போய் வந்தாலாவது கொஞ்சம் பலன் உண்டு.

சரி, இறங்கிய பேட்டரிக்குள் என்ன நடக்கிறது? பிரான்ஸ் நாட்டு காஸ்டன் பிளாந்தே 1859-இல் இந்த ஈய அமில பேட்டரியைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அடிப்படை மாறவில்லை. சார்ஜ் இறங்கும்போது உள்ளே இருக்கும் இரண்டு வகை ஈயப் பிளேட்டிலும் ஈய சல்பேட் படிகிறது, ஏற்றும்போது கரைந்து அமிலத்துக்கே திரும்புகிறது. இறங்கியபடியே வாரக்கணக்கில் விட்டால் அந்தப் படிவு இறுகி, பெரிய பெரிய படிகமாகிவிடும். மழைக்காலத்தில் நம் வீட்டுப் படியில் பாசி பிடிக்கிறதல்லவா? அடுத்த நாளே தேய்த்தால் போய்விடும். ஆனி மாத மழையில் பிடித்ததை ஐப்பசி மழையும் முடிந்த பிறகு தேய்த்துப் பாருங்கள். சுரண்டத்தான் வேண்டும், சுரண்டினால் சிமெண்டும் சேர்ந்து வரும். சார்ஜரில் ‘ரிப்பேர்’, ‘ரீகண்டிஷன்’ என்று போட்டிருக்கிறதே, அந்த வேலை இந்தச் சுரண்டல்தான். துடிப்புத் துடிப்பாக மின்சாரம் கொடுப்பார்கள், அல்லது குறைந்த ஆம்பியரில் வோல்டேஜை 15, 16 வரை ஏற்றுவார்கள். புதிதாகப் படிந்தது கரையும். பிளேட்டே உதிர்ந்து அடியில் சகதியாகக் கிடந்தால் எந்தச் சார்ஜரும் அதை ஒட்டவைக்காது.

அதனால் சார்ஜர் வாங்கப் போகும் முன் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். வோல்ட் அளக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். கார் ஓடாமல் சில மணி நேரம் நின்ற பிறகு டெர்மினலில் வைத்தால் 12.6 காட்டினால் நிறைவு. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. சார்ஜ் ஏற்றி ஓர் இரவு விட்ட பிறகும் 10.5 பக்கமே நின்றால் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது என்று அர்த்தம், ஒரு செல்லுக்கு இரண்டு வோல்ட் என்பதுதானே கணக்கு. மூடி திறக்கிற பேட்டரியாக இருந்தால் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகச் சொல்லும். ஐந்து செல் 1250 காட்டி ஒன்று மட்டும் 1200-க்குக் கீழே கிடந்தால், அந்தப் பேட்டரிக்காகப் பணம் செலவழிக்காதீர்கள்.

இதைச் செய்யாமல் ஏமாந்த ஒருவர் ஒருநாள் பட்டறைக்கு வந்தார். ஐந்து வருடப் பழைய பேட்டரி, ஒரு செல் போனது. புதுப்பிக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிச் சார்ஜர் வாங்கி, மூன்று நாள் விடாமல் போட்டிருக்கிறார். தொட்டால் சுட்டது, பக்கம் உப்பியிருந்தது, அழுகிய முட்டை நாற்றம் வேறு. அந்த நாற்றம் வந்தால் யோசிக்கவே வேண்டாம், சுவிட்சை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அவர் புதுப் பேட்டரியும் வாங்கினார். சார்ஜரின் விலையையும் சேர்த்தால் நல்ல பேட்டரியாகவே வாங்கியிருக்கலாம்.

பேட்டரி தேறும் என்று தெரிந்துவிட்டதா? இப்போது கடைக்குப் போகலாம். பழைய டிரான்ஸ்பார்மர் சார்ஜரைத்தான் பலர் கேட்பார்கள், பெரிதாக, கனமாக, முள் ஆடும் மீட்டரோடு இருக்கும். பட்டறைக்கு அது சரி, பக்கத்தில் ஆள் இருப்பான். வீட்டில் மாட்டிவிட்டுத் தூங்கினால் அது பாட்டுக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும், டிஸ்டில்டு வாட்டர் கொதித்துப் போகும். நீங்கள் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “பேட்டரி நிறைஞ்ச பொறவு இது என்ன செய்யும்?” என்பதுதான். 14.4 வோல்ட் வரை ஏற்றி, நிறைந்ததும் 13.5 பக்கம் தானாக இறங்கி அங்கேயே பிடித்து வைத்தால் அது மெயின்டெய்னர். மாதக்கணக்கில் மாட்டியே வைக்கலாம். ‘ஆட்டோ கட்’, அதாவது நிறைந்ததும் தானாக நின்றுவிடும் என்று மட்டும் சொன்னால், மறுபடி எப்போது தொடங்கும் என்றும் கேளுங்கள்.

ஆம்பியரில் பேராசை வேண்டாம். பேட்டரியின் ஆம்பியர் மணியில் பத்தில் ஒரு பங்கு என்பது பழைய பட்டறைக் கணக்கு, இன்றும் தப்பில்லை. 35-க்கும் 45-க்கும் நான்கு, ஐந்து ஆம்பியர் போதும். பெரிய டீசல் வண்டிக்கு ஏழு, எட்டு. ஷெட்டில் நிற்கும் காரைப் பராமரிக்க மட்டும் என்றால் ஒரு ஆம்பியரே தாராளம். இன்வெர்ட்டரில் மாட்டி ஏற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரிக்கு ஏற்றபடி செய்தது, கார் பேட்டரிக்கு அந்த ஆம்பியர் அதிகம்.

நம் ஊருக்கென்று ஒரு விஷயம் சேர்த்துப் பாருங்கள். மழைக்காலத்தில் கரண்ட் எத்தனை முறை போய் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தானாகத் தொடங்கும் சார்ஜராக இருக்க வேண்டும். சில சார்ஜர்கள் யாராவது பொத்தானை அமுக்கும்வரை சும்மா நிற்கும். ஆள் இல்லாத வீட்டில் அது இருந்தும் பயனில்லை.

அப்புறம், பேட்டரி எந்த வகை என்று அதன் மேல் ஒட்டிய லேபிளைப் படியுங்கள். சிக்னலில் எஞ்சின் தானாக அணைந்து மறுபடி ஸ்டார்ட் ஆகும் கார்களில் ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம் என்ற தனி வகை பேட்டரி இருக்கும், சார்ஜரில் அதற்கான மோடு இருக்கிறதா என்று பாருங்கள். லித்தியத்துக்குத் தனிச் சார்ஜர். ரிப்பேர் மோடு மூடி திறக்கிற சாதாரண பேட்டரிக்குத்தான் ஏற்றது, ஜெல் பேட்டரிக்கு ஆகாது. ரிப்பேர் மோடு போடும் முன் பேட்டரியைக் காரிலிருந்து கழற்றிவிடுங்கள். 16 வோல்ட் காரின் கம்ப்யூட்டருக்குள் போனால் பேட்டரி விலையைப் போலப் பல மடங்கு செலவு வரும்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு டெர்மினல் சீக்கிரம் பூத்துப்போகும். வெந்நீரில் சோடா உப்பு கலந்து கழுவி, காயவிட்டு, வாசலின் தடவுங்கள். பேட்டரி விஷயத்தில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்களிடம் நாம் கற்றுக்கொள்ளலாம். ஜிபிஎஸ்ஸும் விளக்கும் நடுக்கடலில் அணைந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். கரைக்கு வந்ததும் முதலில் பேட்டரியைத் தூக்கிச் சார்ஜுக்குப் போடுவார்கள்.

மாட்டும் முறை. சிவப்பு கிளிப்பை பாசிட்டிவில் மாட்டுங்கள். கறுப்பை பேட்டரியை விட்டுத் தள்ளி, எஞ்சினிலோ பாடியிலோ பெயிண்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள். கடைசியாகத்தான் பிளக் பாயிண்டில் சுவிட்ச். கழற்றும்போது சுவிட்ச், கறுப்பு, சிவப்பு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், ஒரு தீப்பொறி போதும் வெடிக்க. ஷெட் கதவைத் திறந்து வையுங்கள், பீடிக்கு அங்கே இடமில்லை.

தினமும் காரை எடுத்து நன்றாக ஓட்டுகிறவருக்குச் சார்ஜரே வேண்டாம். பட்டறைக்காரன் சொல்கிறேன், நம்பலாம். மூன்று மாதம், ஆறு மாதம் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் மெயின்டெய்னர். ஷெட்டில் பிளக் பாயிண்டே இல்லை என்றால், புறப்படும் அன்று பேட்டரியை முழுதாக ஏற்றி, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வையுங்கள். தானாக இறங்குவது மாதத்துக்குச் சில சதவீதம்தான். கடிகாரத்தைத் திரும்ப வைக்க வேண்டியிருக்கும், கார் கதவைச் சாவி போட்டுத் திறக்க வேண்டியிருக்கும்.

தேறாத பேட்டரியைப் பழைய சாமான் வாங்கும் ஆக்கர்க்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது முறையான மறுசுழற்சிக்குத்தான் போக வேண்டும். புதுசு வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். அமிலத்தை மட்டும் தென்னை மூட்டில் கொட்டிவிட்டு எடுத்துப் போகாதீர்கள், அப்படிச் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்தத் தென்னை இப்போது இல்லை.

வணக்கம்.