ஞாபக டானிக் கேட்டு வருகிறவர்களுக்கு

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு மருந்தாளுநர். மேல மாசி வீதிக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். பொங்கல் முடிந்து பள்ளிகளில் திருப்புதல் தேர்வு தொடங்கிவிட்டால் போதும், கடைக்கு வரும் அம்மாக்களும் அப்பாக்களும் கேட்பது ஒன்றுதான். "பிள்ளைக்குப் படிச்சது மண்டையில நிக்க மாட்டேங்குது. ஞாபகசக்திக்கு நல்ல டானிக்கா குடுங்க."

போன வருடம் அப்படி ஓர் அம்மா வந்தார். கோயில் பக்கம் உட்கார்ந்து பூக்கட்டி விற்பவர். விரலில் வாழைநார் ஈரம் இன்னும் காயவில்லை. சுருக்குப்பையிலிருந்து பத்தும் இருபதுமாக எண்ணி முந்நூறு ரூபாயை மேசையில் வைத்தார். மகள் பிளஸ் டூ. நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பினால், அந்தப் பெண் கடைப் படியில் உட்கார்ந்து பள்ளிப் பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். பச்சரிசி.

"அரிசி திம்பியாம்மா?" என்று கேட்டேன்.

"அதை ஏன் கேக்குறீங்கக்கா, வீட்டுல அரிசி டப்பாவை ஒளிச்சு வைக்க வேண்டியிருக்கு. சாக்பீஸைக்கூட விட மாட்டா" என்றார் அம்மா.

பாட்டிலைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டேன். அந்தப் பெண்ணின் கீழ் இமையை லேசாக இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய உட்புறம் வெளிறிக் கிடந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மதியத்துக்கு மேல் வகுப்பில் சொல்வது எதுவும் ஏற மாட்டேன் என்கிறது என்றாள். பக்கத்தில் இருந்த அரசு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வைத்தேன். ஹீமோகுளோபின் 7.6 என்று வந்தது. அந்த வயதுப் பெண்ணுக்கு 12க்குக் குறையக் கூடாது.

பச்சரிசி, சாக்பீஸ், சாம்பல், மண் என்று தின்னத் தோன்றினால் அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். நம் வீடுகளில் இதைக் கெட்ட பழக்கம் என்று அடித்துத் திருத்தப் பார்க்கிறோம். எனக்கு மனது பொறுக்காத விஷயம் இது.

மூளை நம் உடல் எடையில் 2 சதவீதம்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. அதற்கு வேண்டிய ஆக்சிஜனைச் சுமந்து போவது ஹீமோகுளோபின். அது மட்டும் இல்லை. ஒரு வேலையில் மனதை நிறுத்திவைக்க டோபமைன் என்ற ரசாயனம் மூளைக்கு வேண்டும். அதைத் தயாரிக்கும் நொதி இரும்பு இல்லாமல் இயங்காது. படிப்பில் கவனம் நிற்கவில்லை என்று அந்தப் பெண் வாங்கிய திட்டுக்கெல்லாம் காரணம் அவள் ரத்தத்தில் இருந்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை. டானிக் கேட்டு வரும் வீடுகளில் எத்தனை வீட்டில் இதுதான் கதையோ என்று நினைத்துக்கொள்வேன்.

பள்ளியில் வாரம் ஒரு முறை நீல நிறத்தில் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். வயிற்றைப் புரட்டுகிறது என்று அதைத் தூக்கிப் போட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் புரட்டல் குறையும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் டீயோடும் காபியோடும் போடாதீர்கள், இரும்பு உடலில் சேராமல் போய்விடும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை சேர்ந்தால் நன்றாகச் சேரும். முருங்கைக்கீரையும் கம்பங்கூழும் தெரிந்ததுதான். கறி சாப்பிடுகிற வீடாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், கேட்டு வாங்குங்கள். ரத்தம் ஊறும் என்று நம் பாட்டிமார் சொன்னது வீண்பேச்சு இல்லை, அதில் இரும்பு நிறைய இருக்கிறது. பூக்காரம்மா மகளுக்கு ஹீமோகுளோபின் சரியான அளவுக்கு ஏறிய பிறகும் மாத்திரையை மூன்று மாதம் தொடரச் சொன்னார்கள். உடலில் சேமிப்பு நிறைய அவ்வளவு காலம் ஆகும்.

சரி, டானிக்கில் ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். பல பாட்டில்களின் லேபிளில் இருப்பவை வல்லாரையும் நீர்ப்பிரமியும். இரண்டும் வேறு வேறு செடி. வடக்கே சில இடங்களில் வல்லாரையையே பிரமி என்று சொல்வதால் குழப்பம் வருகிறது. நீர்ப்பிரமிச் சாற்றைத் தினமும் 300 மில்லிகிராம் அளவில் 12 வாரம் கொடுத்துச் சோதித்ததில், படித்ததை நினைவுகூர்வதில் சிறிய முன்னேற்றம் தெரிந்திருக்கிறது. சிறியதுதான், அதுவும் மூன்று மாதம் கழித்து. தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் வாங்கும் பாட்டிலால் அது நடக்காது. வல்லாரை பிடிக்கும் என்றால் கீரைக்காரம்மாவிடம் ஒரு கட்டு வாங்கித் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள். ஜின்கோ என்று ஓர் இலைச்சாறு மாத்திரையாக வருகிறது. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஏறக்குறைய ஆறு வருடம் சோதித்துப் பார்த்து, மறதிநோயை அது தடுக்கவில்லை என்று 2008இல் சொல்லிவிட்டார்கள். இன்னமும் விற்கிறது.

டானிக் வாங்கும் காசை எடுத்து வைத்துவிட்டு முதலில் கண்ணைச் சோதியுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளை வேறு எங்கே கவனிக்கும்? 1976இல் 11 படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊர் இது. காலைச் சாப்பாட்டையும் பாருங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று அரசின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது நம் சிம்மக்கல் பள்ளியில்தான். சின்னப் பிள்ளைகளுக்கு அது கிடைக்கிறது. பிளஸ் டூ பிள்ளை வெறும் வயிற்றோடு பஸ் ஏறுகிறது.

அப்புறம் தூக்கம். தூங்கா நகரம் என்று ஊரைச் சொல்வதில் எனக்கும் பெருமைதான். ஆனால் 13 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். பகலில் படித்ததை மூளை எடுத்து அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான். ராத்திரி பதினொரு மணிக்குக் குடித்த காபியில் பாதி, விடிகாலை நான்கு மணிக்கும் உடம்பில் இருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பையன்கள் சிலர் தூக்கம் வராமல் இருக்க மொடாஃபினில் கேட்டு வருகிறார்கள். பகலில் கட்டுப்பாடில்லாமல் தூங்கி விழும் நோய்க்கான மருந்து அது. மருத்துவர் சீட்டு இல்லாமல் நான் தர மாட்டேன், தம்பிகள் கோபித்துக்கொண்டாலும் சரி.

ஆனால் மருந்து தேவைப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைபாடு உலக அளவில் குழந்தைகளில் 100க்கு ஏறக்குறைய 5 பேருக்கு இருக்கிறது. சும்மா துறுதுறுவென்று இருப்பது அது இல்லை. 12 வயதுக்கு முன்பே ஆரம்பித்து, வீட்டிலும் பள்ளியிலும் இரண்டு இடத்திலும் ஆறு மாதத்துக்கு மேல் பிள்ளையைப் பாடாய்ப்படுத்தும். இதற்கு முக்கியமான மருந்து மெதில்ஃபெனிடேட். 1944இல் சுவிட்சர்லாந்து வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிசோன் உருவாக்கியது. நான் முன்னால் சொன்ன டோபமைன் சீக்கிரம் தீர்ந்துவிடாமல் மூளையில் கொஞ்ச நேரம் நிற்கச் செய்கிறது. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், நாடித் துடிப்பு கூடலாம், அதனால் மருத்துவர் எடையையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார். சட்டப்படி இது அட்டவணை எக்ஸ் மருந்து. தனி உரிமம் உள்ள கடைதான் விற்கலாம், மருத்துவர் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒரு பிரதியைக் கடையில் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும்.

"பிள்ளைக்குப் பைத்திய மாத்திரையா குடுக்குற?" என்று சொந்தக்காரர்கள் கேட்டதால் ஒரு தாய் பாதியில் நிறுத்திவிட்டார். அந்தப் பையன் மறுபடி வகுப்புக்கு வெளியே நின்றான் என்று அவரே வந்து அழுதார். தயவுசெய்து யார் சொன்னாலும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். சந்தேகம் இருந்தால் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குக் கட்டணமில்லாமல் போன் செய்தும் பேசலாம்.

வீட்டில் வயதானவர்கள் மறதியாலும் குழப்பத்தாலும் தடுமாறினால் "வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், தைராய்டும் குறைந்திருக்கலாம். சில நேரம் மாத்திரையே காரணம். போன கார்த்திகையில் ஒரு மருமகள், மாமனார் சாப்பிடும் மாத்திரை அத்தனையையும் மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொட்டினார். மூன்று மருத்துவர்கள் எழுதியவை. பிரித்துப் பார்த்தால் ஒரே தூக்க மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில் இருந்தது, கூடவே சளிக்கு என்று குளோர்பெனிரமின், அதுவும் தூக்கத்தையும் மறதியையும் கூட்டக்கூடியது. எல்லாவற்றையும் தாளில் எழுதி அவருடைய மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் படிப்படியாகக் குறைத்தார். மாசியில் அந்தப் பெரியவர் தனியாகவே கடைக்கு வந்து பிரஷர் மாத்திரை வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணிப் பார்த்து, இரண்டு ரூபாய் குறைகிறது என்று கேட்டு வாங்கிப் போனார்.

வணக்கம்.