ரயில் அட்டவணையை வைத்து ஓர் ஆங்கில வகுப்பு

[திரையில்: கரும்பலகை. மேலே ‘திருநெல்வேலி – திருச்செந்தூர்’. கீழே ஊர்ப் பெயர்கள், பாதி நேரங்கள் காலி.]

வணக்கம். சேரன்மகாதேவி, முக்கூடல், நாங்குநேரி என்று நம்ம பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் ஆறு, ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிற ஆசிரியர்களுக்காக இந்த வீடியோ.

இங்கே பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் பிள்ளைகள் காதில் ஆங்கிலம் விழாது. கடையில், பஸ்ஸில், வீட்டில் எல்லாம் தமிழ்தான். ஆங்கிலத்தில் வாய் திறக்க அவர்களுக்கு இருக்கிற ஒரே இடம் நம்முடைய பீரியட். அதிலும் பெரும்பாலான நேரம் பேசுவது நாம்தான். பேனாவைத் தூக்கிக் காட்டி “வாட் இஸ் திஸ்?” என்று கேட்கிறோம். அது பேனா என்று கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். அப்புறம் எதற்கு அந்தக் கேள்வி? ஒருவரிடம் இல்லாத தகவல் இன்னொருவரிடம் இருந்தால், கேட்டே ஆகவேண்டிய கட்டாயம் வந்துவிடும். நான் சொல்லப்போகிற பயிற்சிகள் எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

இந்த முறைக்கு நம் தென்னாட்டிலேயே வேர் இருக்கிறது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ்.பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் இதைச் செய்து பார்த்தார். இலக்கணத்தை வரிசையாக நடத்தாமல் ரயில் அட்டவணை, வரைபடம் என்று கையில் ஒரு வேலையைக் கொடுத்தார். அந்த வேலையை முடிக்கிற முயற்சியிலேயே மொழி படியும் என்று நம்பினார். உலகம் முழுக்க ஆசிரியர் பயிற்சியில் ‘பெங்களூர் திட்டம்’ என்று இன்றும் இதைப் பற்றிப் பேசுகிறார்கள். நம் பயிற்சி வகுப்புகளிலும் இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

சரி, வகுப்புக்கு வருவோம்.

[திரையில்: அ தாள், ஆ தாள் பக்கத்தில் பக்கத்தில்.]

திருச்செந்தூர் ரயில் வழியில் ஐந்து ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், ஆறுமுகநேரி. அ தாளில் மூன்று ஊர்களுக்கு நேரம் இருக்கும், இரண்டுக்கு இருக்காது. ஆ தாளில் அந்த இரண்டுக்கு இருக்கும், மற்ற மூன்றுக்கு இருக்காது. நிஜ நேரமாக இருக்க வேண்டியதில்லை, நீங்களே எழுதிக்கொள்ளலாம். ஒரு நேரத்தை 10.13 என்றும் இன்னொன்றை 10.30 என்றும் வையுங்கள். தர்ட்டீன், தர்ட்டி இரண்டும் நம் பிள்ளைகள் காதில் ஒன்றாகத்தான் விழும். தப்பாக எழுதிவிட்டால் கடைசியில் தாளை ஒப்பிடும்போது தெரிந்துவிடும், அடுத்த முறை “தர்ட்டீனா, தர்ட்டியா?” என்று அவர்களே திருப்பிக் கேட்பார்கள்.

முதலில் முழு வகுப்போடும் இதேபோல் ஒரு தாளைப் பலகையில் செய்து காட்டுங்கள். கேள்வியை நீங்கள் கேளுங்கள், நான்கைந்து பேர் பதில் சொல்லட்டும். அப்புறம் ஜோடி ஜோடியாக உட்காரவைத்து, எட்டிப் பார்க்காமல் இருக்க நடுவில் புத்தகப் பையை நிமிர்த்தி வைத்துவிடுங்கள்.

“வென் ட்ரெயின் நாசரேத் ரீச்?” என்று ஒரு பிள்ளை கேட்கும். தமிழில் வினை கடைசியில்தானே வரும், அந்தப் பழக்கம் இது. அந்த இடத்தில் நிறுத்தித் திருத்தாதீர்கள். பக்கத்தில் போகும்போது “ஓ, வென் டஸ் தி ட்ரெயின் ரீச் நாசரேத்?” என்று இயல்பாகச் சொல்லிவிட்டு நகருங்கள். ‘டஸ்’ விட்டுப்போகிற வாக்கியங்களை ஒரு துண்டுத் தாளில் குறித்துவைத்து, கடைசி ஐந்து நிமிடம் பலகையில் எழுதி எல்லோருமாகச் சரிசெய்யலாம்.

பிரபு ஜோடி வேலையை அவ்வளவாக விரும்பவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் தங்களுக்குள் பேசும் பிழையான ஆங்கிலமே படிந்துவிடும் என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் ஜோடி இல்லாவிட்டால் ஒரு பிள்ளைக்கு ஒரு வாக்கியம் பேசக்கூட வாய்ப்பு வராது. அதனால்தான் முழு வகுப்புப் பயிற்சியை முன்னால் வைக்கச் சொன்னேன்.

அதே அட்டவணையில் அடுத்த நாள் இன்னொரு ரயிலைச் சேருங்கள். நாசரேத்தில் அத்தை வீட்டில் பத்தரை மணிக்கு விசேஷம், ஸ்டேஷனிலிருந்து நடக்க இருபது நிமிடம். எந்த ரயிலில் போகலாம், ஏன்? இப்போது யோசிக்கவும் வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். பிரபு அதிகம் மதித்தது இந்த வகையைத்தான்.

நடுவில் “ஏல, அது எத்தன மணில?” என்று தமிழ் வரத்தான் செய்யும். வரட்டும். தமிழில் பேசினால் அபராதம் என்று வைப்பது எனக்கு உடன்பாடில்லை. பயந்த பிள்ளை இரண்டு மொழியிலும் பேசாது. தாளில் விடை ஏறுவதற்கு முன் கேள்வி ஒரு தடவை ஆங்கிலத்தில் வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி.

[திரையில்: வராண்டாச் சுவரில் ஒட்டிய தாள். ஓடி வரும் பிள்ளைகள்.]

அடுத்தது ஓட்ட டிக்டேஷன். தாமிரபரணி பொதிகை மலையில் பிறப்பது, புன்னக்காயல் பக்கம் கடலில் சேர்வது என்று நான்கு எளிய ஆங்கில வாக்கியங்களை வராண்டாச் சுவரில் ஒட்டுங்கள். ஜோடியில் ஒருவர் ஓடிப்போய்ப் படித்து, மனதில் வைத்துக்கொண்டு வந்து சொல்ல வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். பாதியில் ஆளை மாற்றுங்கள். எழுதி முடித்த தாளைப் பாருங்கள், ‘ரைசஸ்’ என்பது பலரிடம் ‘ரைஸ்’ ஆகியிருக்கும். மூலத்தோடு ஒப்பிட்டு அவர்களே கண்டுபிடிக்கட்டும். சத்தம் வரும், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சின்ன வகுப்புகளுக்கு, சொன்னதை உடம்பால் செய்துகாட்டும் விளையாட்டு போதும். எழு, கதவைத் தொடு, மெதுவாக நட. 1960களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த முறை இது.

படிக்கக் கதை வேண்டுமென்றால் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தைப் பாருங்கள். இலவசம், படிநிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். பல கதைகளுக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டு வடிவமும் உண்டு. முதல் நாள் தமிழில் வாசித்துவிட்டு மறுநாள் ஆங்கிலத்தைக் கொடுத்தால், கதை தெரிந்திருப்பதால் புது வார்த்தைகளுக்குப் பிள்ளைகள் மிரள்வதில்லை. வீட்டிலேயே டவுன்லோடு செய்து வைத்துவிடுங்கள், பள்ளியில் நெட் கிடைக்காத நாளிலும் வகுப்பு நடக்கும்.