போனை வைத்தது கேட்வேக்கு எப்படித் தெரியும்?

நேயர்களுக்கு வணக்கம். தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் சரக்கு கிளியரிங் ஆபீஸ்களில் நாலு லேண்ட்லைன், ஓர் இன்டர்காம் பெட்டி, பத்துப் பதினைந்து எக்ஸ்டென்ஷன் என்று இருக்கும். குடோன் மணலியில், யார்டு எண்ணூரில். மூன்று இடத்தையும் இன்டர்நெட் வழியே ஒரே இன்டர்காம் ஆக்க, நடுவில் வேண்டியது வாய்ஸ் கேட்வே: டெலிபோன் குரலை இன்டர்நெட்டில் போகும் சிறு சிறு தரவுப் பொட்டலமாக (பாக்கெட்) மாற்றுகிற பெட்டி. ஒரு பக்கம் டெலிபோன் ஒயர், மறுபக்கம் லேன் கேபிள், அவ்வளவுதான் பெட்டி.

வாங்கும்போதே போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்சேஞ்ச் லைன் சேர வேண்டியது எஃப்எக்ஸ்ஓ போர்ட்டில்; அது ஒரு போன் போல நடந்துகொள்ளும். போன் கருவி சேர வேண்டியது எஃப்எக்ஸ்எஸ் போர்ட்டில். அது எக்ஸ்சேஞ்ச் போல 48 வோல்ட் கொடுக்கும், மணியும் அடிக்கும். இரண்டுக்கும் துளை ஒன்றுதான். எக்ஸ்சேஞ்ச் லைனைத் தப்பாக எஃப்எக்ஸ்எஸ்ஸில் சொருகினால், முதல் மணியிலேயே போர்ட் போய்விடக்கூடும்.

இனி, இன்டர்நெட்டில் இதற்கு எவ்வளவு வேகம் வேண்டும்? கேட்வே குரலை வினாடிக்கு 8000 முறை அளந்து, ஓர் அளவுக்கு 8 பிட் வைத்தால் வினாடிக்கு 64 கிலோபிட். 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் என்றால் உள்ளே 160 பைட் குரல், மேலே 40 பைட் விலாசம். ஈதர்நெட் உறையும் சேர்த்து ஒரு திசைக்கு 87 கிலோபிட். ஃபைபரில் இது தூசு. யார்டில் மொபைல் டாங்கிள்தான் என்றால் ஜி.729 என்ற குரல் சுருக்கும் முறையைப் போடலாம், குரல் 8 கிலோபிட்டாகச் சுருங்கும். ஆனால் பாக்கெட்டில் சரக்கு 20 பைட், விலாசம் எழுதிய பெட்டி 40 பைட்! அதில் ஃபேக்ஸ் போகாது, அதற்கு டி.38 என்ற ஃபேக்ஸ் முறை தனியாக வேண்டும்.

இனி, அதிகமாக வரும் புகார். நாலு லைனும் காலியாக இருக்க, கூப்பிடுகிறவர்களுக்கு 'பிஸி' வருகிறது. காரணம், கேட்வேக்குப் பேச்சு முடிந்ததே தெரியவில்லை. இன்டர்நெட் பக்கம் ஒருவர் வைத்தால் 'முடிந்தது' என்று தனிச் செய்தி போகும். செப்புக் கம்பியில் அப்படி ஒன்றும் கிடையாது. கூப்பிட்டவர் வைத்துவிட்டால், பெரும்பாலும் எக்ஸ்சேஞ்ச் ஒரு பிஸி டோனை விடும், அதோடு சரி. மனிதர் அதைக் கேட்டு ரிசீவரை வைப்பார். கேட்வே அந்த டோனையும் பேச்சு என்று நினைத்துப் பாக்கெட் போட்டு அனுப்பிக்கொண்டே இருக்கும், லைனையும் விடாது.

நம் ஊர் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், 0.75 வினாடி ஒலி, 0.75 வினாடி மௌனம். பல கேட்வேக்கள் அமெரிக்க டோனுடன் வருகின்றன: 480, 620 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்து, அரை வினாடிக்கு அரை வினாடி. கேட்வே செட்டிங்கில் அதை நம் ஊர் டோனுக்கு மாற்றுங்கள். மூன்று சுற்று கேட்டதும் துண்டிக்கச் சொல்லலாம். ஐந்து வினாடிக்குள் லைன் விடுபடும். மொபைலிலிருந்து கூப்பிட்டு, வைத்துவிட்டு, போர்ட் விளக்கு அணையும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். டோனை அடையாளம் காணும் செட்டிங்கை ரொம்பத் தளர்வாக வைக்காதீர்கள். பேச்சையே டோன் என்று நினைத்து நடுவில் வெட்டிவிடும். பேச்சு முடிந்ததும் எக்ஸ்சேஞ்ச் போலாரிட்டி (கம்பிகளின் பிளஸ், மைனஸ்) மாற்றிக் கொடுக்குமானால் அதுவே மேல்.

அடுத்து எதிரொலி. மணலியில் பேசுகிறவருக்குத் தன் குரலே திரும்பக் கேட்கிறது என்றால், பழுது பெரும்பாலும் மணலியில் இல்லை, எஃப்எக்ஸ்ஓ போர்ட்டில். இரண்டே கம்பியில் போகும் குரலும் வரும் குரலும் ஒன்றாக ஓடுகின்றன. பிரிக்கும் இடத்தில் இம்பிடன்ஸ் (மாறு மின்னோட்டத்துக்கு லைன் காட்டும் தடை) பொருந்தாவிட்டால் கொஞ்சம் வழிந்து திரும்பும். சாதாரண போனில் உடனே திரும்புவதால் காதுக்கு எட்டாது. பாக்கெட் கட்டி, பஃபர் என்ற காத்திருப்பு இடத்தில் நின்று வரும்போது தாமதமாகி எதிரொலி ஆகிறது. உடனே வால்யூமை ஏற்றுவார்கள். எதிரொலியும் கூடவே ஏறும். லைன் பக்கம் போகும் ஒலி அளவைக் குறைத்து, கேட்வேயில் உள்ள இம்பிடன்ஸ் செட்டிங்கை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

அதற்கும் முன்னால், லைனை நேராகச் சாதாரண போனில் சொருகிக் கேளுங்கள். காசிமேடு, ராயபுரம் உப்புக் காற்றில் ஜாயின்ட் பச்சை பூத்துக் கரகரத்தால், எந்த செட்டிங்கும் கேட்காது. ஜாயின்டை வெட்டிப் புதிதாகப் போடத்தான் வேண்டும்.

ஒரு லைனையாவது கேட்வேயில் சேர்க்காமல் பழைய போனிலேயே விட்டுவையுங்கள். கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் இறங்கிவிட்டால், எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில் ஓடும் அந்தச் செப்பு லைனில்தான் டயல் டோன் இருக்கும்.