வங்குரோத்தான கம்பனியும் காப்புறுதிப் பணமும்

வணக்கம் நேயர்களே. ஆட்டோவோ மோட்டார் சைக்கிளோ வைத்திருப்பவர்களிடம் மூன்றாம் தரப்புக் காப்புறுதி என்று ஒரு தாள் இருக்கும், பொலிஸ் மறித்தால் எடுத்து நீட்டுவதற்கு. யார் அந்த மூன்றாம் தரப்பு என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். அடிபட்டவர்தான் அவர்.

சரி, அடித்த வண்டி ஒரு கம்பனியுடையது, கம்பனி வங்குரோத்து. காப்புறுதிப் பணம் யாருக்கு? அடிபட்டவருக்குத்தானே என்பீர்கள். 1928இல் இங்கிலாந்து நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. அது கம்பனியின் சொத்து, கடன் கொடுத்த மற்றவர்களோடு நீயும் வரிசையில் நில் என்றது. உங்கள் கால் முறிந்ததற்கு வந்த பணத்தில் டயர் கடைக்காரருக்கும் பங்கு! அதனால்தான் 1930இல் சட்டம் போட்டார்கள்: கம்பனி விழுந்தால், காப்புறுதிக்காரரிடம் அதற்கிருந்த உரிமை அடிபட்டவர் கைக்கு மாறும்.

மாறியது, ஒரு முடிச்சோடு. எங்கே பேசப் போனாலும் நான் சொல்கிற கதை இது, வீட்டில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். அதே இங்கிலாந்தில் ஒரு அம்மா, 1933க்கும் 1970க்கும் இடையில் விட்டு விட்டுப் பஞ்சாலையில் வேலை பார்த்தவர், பஞ்சுத் தூசால் மூச்சு நோய். ஆலைக் கம்பனி 1976இல் கலைந்தே போனது. அவர் காப்புறுதிக் கம்பனியைத் தேடிப் போனால், 1989இல் பிரபுக்கள் சபை, அன்றைக்கு அங்கே அதுதான் உச்ச நீதிமன்றம், சொன்னது: முதலில் ஆலையின் பொறுப்பை நிரூபித்து வா. ஆலை எங்கே? இல்லை. இல்லாத ஆலைமீது எப்படி வழக்குப் போடுவது? போட முடியாது, ஆகவே காசும் இல்லை. பிரீமியம் வாங்கியது மட்டும் வாங்கியதுதான். ஐந்து நீதிபதிகளில் ஒருவர் மாறுபட்டார், அந்த ஒருவர் பக்கம்தான் நான்.

அப்புறம் கலைந்த கம்பனியைப் பதிவேட்டில் மறுபடி ஏற்றி வழக்காட வழி வந்தது, அதற்கும் செலவு, அலைச்சல். 2010இல் எழுதிய புதிய சட்டம் 2016 ஓகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தது. இப்போது அங்கே காப்புறுதிக் கம்பனிமீதே நேரே வழக்குப் போட்டு, பொறுப்பையும் பணத்தையும் ஒன்றாகத் தீர்க்கலாம். ஆனால் காப்புறுதிக்காரர் பணம் தர மறுக்கப் பொலிசியில் ஓட்டை இருந்தால் அந்த ஓட்டையும் உங்களுக்குத்தான் வரும்.

நம் இலங்கையில், வாகன விபத்துக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டம்... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் முடிகிறதாம். ஒன்று மட்டும்: உரிமையாளர்மீது வழக்குப் போடும்போதே காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவித்தல் கொடுங்கள், பிந்தினால் தீர்ப்பு கையில் இருந்தும் காசு வராது. வணக்கம்.