கோட்டுக்கு முன்னால் சீட்டு

வணக்கம். கல்லூரியில் பொருளியல் நடத்தும் எங்களிடமிருந்து கரும்பலகையைப் பிடுங்கிவிட்டால் பாதிப் பேர் ஊமைதான். முதல் வாரமே இரண்டு கோடு போட்டு, வாங்குகிறவர்களின் தேவைக்கு ஒன்று, விற்க வரும் சரக்கான அளிப்புக்கு ஒன்று, வெட்டும் இடம் சமநிலை விலை என்போம். பிள்ளைகளும் ஸ்கேல் வைத்து வரைந்து மார்க் வாங்கிவிடுவார்கள். தக்காளி விலை ஏன் ஏறியது என்று கேட்டால் மட்டும் முழிப்பார்கள்.

அதனால் நான் சீட்டில் ஆரம்பிக்கிறேன். பாதி வகுப்பு வியாபாரி, பாதி வகுப்பு வாங்குகிறவர். வியாபாரியின் சீட்டில் அடக்க விலை இருக்கும், 20, 30 என்று ஆளுக்கொன்று, அதற்குக் கீழே விற்கக் கூடாது. வாங்குகிறவர் சீட்டில் அவர் தரக்கூடிய உச்ச விலை. அடுத்தவர் சீட்டைப் பார்க்கக் கூடாது. அப்புறம் கூவச் சொல்லிவிடுவேன், பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். முதல் சுற்றில் ஒருவர் 25க்கு விற்பார், இன்னொருவர் 60 கொடுத்து ஏமாறுவார். அதே சீட்டோடு இரண்டு மூன்று சுற்று போனால் விலை ஒரு இடத்தில் வந்து நின்றுகொள்ளும், யாரும் சொல்லாமலே.

இது என் சரக்கு இல்லை. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பொருளியல் நடத்திய எட்வர்ட் சேம்பர்லின் இப்படி வகுப்பில் சந்தை நடத்தி 1948இல் எழுதினார், பாடப் புத்தகம் சொல்வதுபோல் விலை அமையாது என்று காட்டுவதற்காக. அங்கே மாணவராக உட்கார்ந்திருந்த வெர்னன் ஸ்மித், பிறகு பர்டூ பல்கலைக்கழகத்தில் தானே பாடம் எடுத்தபோது, எல்லோர் காதிலும் விழும்படி விலை கூவ வைத்தார், பல சுற்று ஆட வைத்தார். விலை சமநிலைப் பக்கம் வந்து நின்றது. 2002இல் அவருக்கு நோபல் பரிசு.

சரி, எனக்குப் பிடித்த கட்டம் இனிமேல்தான். வியாபாரிகளில் பாதிப் பேரின் சீட்டைப் பிடுங்கிவிடுவேன், மழையில் செடி அழுகிவிட்டது என்று சொல்லி. விலை ஏறும், வாங்குகிறவர்கள் குறைவார்கள். "தேவை குறைந்துவிட்டதா?" என்றால் வகுப்பே "ஆமா சார்" என்னும். தேவை என்பது வாங்குகிறவர் சீட்டில் இருப்பது, அதை நான் தொட்டேனா? தொடவே இல்லையே! குறைந்தது அளிப்பு; விலை ஏறியதால் வாங்கும் அளவு சுருங்கியது, அவ்வளவுதான். 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டியபோது கால் கிலோவோடு திரும்பினோமே, அதே கதை. தக்காளி மீது நமக்கு ஆசை விட்டுப்போகவில்லை. அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது, சந்தை விலைக்குக் கீழே விற்றால் வரிசை வரத்தானே செய்யும்?

நாட்டுப் பொருளாதாரத்தை மொத்தமாகப் பார்க்கும் பேரினப் பொருளியலுக்கு வந்தாலும், கோட்டுக்கு முன்னால் கையில் இருப்பதில் ஆரம்பிக்கும் இதே முறைதான். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய், நாட்டின் மொத்த உற்பத்தியில் சேருமா? சேராது, கைமாறும் பணம். அதில் வாங்கும் புதுப் பாத்திரம் சேரும். அதில் அம்மா சமைப்பது சேராது, அதே சாம்பாரை மெஸ்ஸில் வாங்கினால் சேரும். இங்கே வரும் சண்டை ஒரு பீரியட் முழுக்க ஓடும், மாணவிகள்தான் விடமாட்டார்கள்.

வட்டி விகிதம் பற்றி நிறையப் பேச வந்தேன், ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ரிசர்வ் வங்கிக்குப் பணவீக்க இலக்கு 4 சதவீதம், மேலே கீழே 2 வரை விடலாம். ரிப்போவை, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியை, ஏற்றினால் தக்காளி காய்க்குமா என்று ஒரு மாணவி கேட்டாள். காய்க்காது, தக்காளி விலை ஏற்றம் கூலி, வாடகை என்று மற்றதற்கும் தொற்றாமல் தடுக்கத்தான் அது. எப்படி என்பதற்கு இன்னும் பத்து நிமிடம் வேண்டும். வணக்கம்.